நாலு விரற்கடை

மல்லாவிச் சந்தியில் நிற்பவர்களுக்குத்
தூரத்திலேயே தெரிந்துவிடும் வருவது என் லொறி என்று.
வலப்பக்கம் நாலு விரற்கடை பதிந்து,
யாரோ காதுக்குள் சொல்வதைக்
குனிந்து கேட்டபடி வரும்.
தேத்தண்ணிக் கடையில் கைகள் உயரும்.

காலபோக நெல் ஏற்றி முடிந்தது. கையில் ஆறு நாள்.
கராச்சுக்காரன் கேட்ட கூலிக்கு
இரண்டு பின்ரயர் வாங்கலாம்.
பாலைமரத்தடிக்கு லொறியை ஏற்றினேன்.

ஜக்கில் உயர்த்திச் சேஸிக்குக் கீழே
நாலு சிலிப்பர்க் கட்டை வைத்தேன்.
முதலில் தண்டவாளம் சுமந்தவை,
பிறகு பங்கருக்கு மேல் மண் சுமந்தவை.
ஒன்றில் இன்னும் ஆணித் துளை இருக்கிறது,
அதற்குள் எறும்பு.

யூ போல்ட் நட்டுக்கு இரவு முழுக்க மண்ணெண்ணெய்.
விடியச் சாவியில் ஆறடிக் குழாயைச் செருகி
நுனியில் யசோதினி தொங்கினாள்.
"விடுது, விடுது" என்றாள்.
விட்டது நட்டில்லை,
குழாய் வளைந்திருந்தது.
அமலதாசன் காஸ் கொண்டுவந்து வெட்டித்தான் எடுத்தான்.

நடு ஆணியைக் கழற்ற
ஒன்பது தகடும் பெருமூச்சு விட்டதுபோல் விரிந்தன.
சோக்கால் இலக்கம் போட்டு
சாக்கின்மேல் நீளவாரியாக அடுக்கினோம்.
கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
முற்றமெல்லாம் செந்தூள்,
கோழிகள் வந்து கொத்திப் பார்த்துத் துப்பின.

நாலாவது முறிந்திருந்தது.
முறிந்த முகத்தை வெயிலுக்குப் பிடித்தேன்:
முக்கால்வாசி கறுப்பு, பழந்துரு.
விளிம்பில் மட்டும்
ஒரு நூலளவு வெள்ளை.
ஒரே நாளில் போனதில்லை இது.
மயிரிழை மயிரிழையாய் விட்டுக்கொண்டே வந்து
கடைசி நூலில் பிடித்துக்கொண்டு
நெல், சல்லி, செங்கல்,
நட்டாங்கண்டலுக்குப் போன ஒரு கலியாண வீட்டின்
கதிரை நூற்றைம்பது,
எல்லாம் சுமந்திருக்கிறது.
எந்தக் குழியில் அந்த நூலும் அறுந்ததோ.
நான் ரேடியோவைக் கூட்டிவைத்துக்கொண்டு
போயிருப்பேன்.

ஏழாவது இந்த லொறியின் தகடே இல்லை.
அகலம் கூட. துருவுக்கடியில்
பச்சைப் பெயின்ற்.
அமலதாசன் நகத்தால் சுரண்டினான்,
இன்னும் கொஞ்சம் சுரண்டினான்,
பிறகு நிறுத்திவிட்டான்.
எனக்கு முதல் இதை வைத்திருந்த அருமைத்துரை
கனடாவில். கேட்கலாம்.
"நல்ல இரும்பு" என்றான் அமலதாசன்.
கிறீஸ் பூசித் திரும்பப் போட்டோம்.

நாலாவதுக்கு வவுனியாவிலிருந்து ஒன்று,
பஸ்ஸில், சீற்றுக்கடியில், அரை ரிக்கற் கொடுத்து.
பித்தளைப் புஷ்கள் ஒரு இரவு
ஐஸ்பெட்டியில் குளத்து மீனுக்குப் பக்கத்தில் படுத்தன.
குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் இறங்கும்.
இறங்கின. சுத்தியல் மூன்றே அடி.
மீன்குழம்பில் எண்ணெய் மணந்தது என்று
யசோதினி இன்றுவரை சொல்கிறாள்.

ஆறாம் நாள் பின்னேரம் கட்டைகளை உருவினேன்.
லொறி இறங்கி ஒருமுறை முனகி நின்றது.
நூல் பிடித்து அளந்தேன், வலம்.
நூல் பிடித்து அளந்தேன், இடம்.
நம்பாமல் யசோதினியும் அளந்தாள்.

சந்திவரை ஓடிப் பார்த்தோம்.
வெறும் லொறி, புதுத் தகடு,
ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளியது.
தேத்தண்ணிக் கடையில் ஒரு கையும் உயரவில்லை.
வேறு யாரோ போகிறார்கள் என்று
பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

"நேரா இருங்கோவன்" என்றாள்.
"நேராத்தான் இருக்கிறன்."
அவள் ஒன்றும் சொல்லாமல்
கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள்.

பதினொரு வருசம் அது வலம் சரியச் சரிய
விழாமலிருக்க நான் இடம் சரிந்திருக்கிறேன்.
இப்போது லொறி மட்டம்.
நாலு விரற்கடை
என்னிடம் இருக்கிறது.